காதுத் தளபதியின் வலது கை

ஹைபூ துறைமுகத்துத் திருவிழாவில் காதுத் தளபதி பொம்மைக்குள் புகுந்து நடக்கிறவனுக்கு இடது காது கேட்காது. கண் தளபதிக்குள் புகுந்து நடக்கிறவனோ, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் சொந்த மனைவிக்கும் கோயில் தூணுக்கும் வித்தியாசம் தெரியாதவன். ஊருக்கு இது தெரியும். கடலைக் காக்கும் மாட்சூ அம்மனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதுவரை அவள் ஆட்சேபம் சொன்னதில்லை.

தளபதிகள் இருவரும் ஒரு காலத்தில் பூதங்கள். ஒருவனுக்கு ஆயிரம் மைல் தாண்டிப் பார்வை போகும். இன்னொருவனுக்குக் காற்றோடு வருகிற எந்த முணுமுணுப்பும் காதில் விழும், நடுக்கடலில் மூழ்குகிறவனின் கடைசி மூச்சு உட்பட. இருவரும் மாட்சூவைப் பெண் கேட்டு வந்து, அவளிடம் செமத்தியாக உதை வாங்கி, அன்றிலிருந்து அவளுக்கே மெய்க்காவலர்களாக நிற்கிறார்கள். பெண் கேட்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு கிம்சுவானுக்குத் தெரிந்த உதாரணம் இது ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ, பெக்லானின் அப்பாவிடம் போய்ப் பேசுவதை இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான்.

கிம்சுவான் படகு எஞ்சின் மெக்கானிக். அவனுடைய இடது காதைப் பாதி டீசல் எஞ்சின் தின்றது, மீதியைத் திருவிழாப் பட்டாசு தின்றது. பெக்லான் மீன் சந்தைக்கு எதிரே பெண்களுக்கு முடி சுருட்டிவிடுகிற சலூன் வைத்திருந்தாள். அவளுடைய அப்பா ஹைசோங் கயிறும் வலையும் விற்கிறவர், கோயில் கமிட்டித் தலைவர். ஊரில் அவருக்குத் தெரியாமல் ஊதுபத்திகூட எரியாது.

"அப்பாகிட்ட எப்பப் பேசப் போற?" என்று பெக்லான் கேட்பாள்.

"கேட்டுச் சொல்றேன்" என்பான் கிம்சுவான்.

"யாரைக் கேட்டு?"

படகுக்காரன் எஞ்சின் எப்போது தயாராகும் என்று கேட்டாலும், டீக்கடைக்காரர் பாக்கி எப்போது வரும் என்று கேட்டாலும் அவன் வாயிலிருந்து இந்தக் 'கேட்டுச் சொல்றேன்'தான் வரும். வாய்க்கு அது பழகிப்போய்விட்டது.

இந்த வருஷம் மாட்சூவின் பிறந்தநாள் நெருங்கியபோது, பக்கத்து நகரத்துப் பல் டாக்டர் தியோ குறுக்கே வந்து சேர்ந்தான். ஹைசோங் அவனிடம் பல் செட் கட்டப் போனார். திரும்பி வரும்போது பெண்ணைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். மாசப் பிறப்பன்று நிச்சயதார்த்தப் பலகாரம் வந்துவிடும் என்று ஊருக்குள் பேச்சு. பெக்லான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுவிட்டு, அதற்கும் சேர்த்துக் கிம்சுவான்மீது கோபப்பட்டாள்.

பிறந்தநாளன்று ஊர்வலம் கிளம்பியது. தளபதி என்றால் இரண்டு ஆள் உயரம். மூங்கில் கூடு, அதன்மேல் பட்டு அங்கி, உச்சியில் சிவந்த முகமும் பிதுங்கிய கண்ணுமாக மரத்தலை. தோளிலிருந்து தொங்குகிற நீண்ட கைச்சட்டைகளின் நுனியில் பெரிய மரக்கைகள். நடக்க நடக்க அவை முன்னும் பின்னும் வீசும். உள்ளே இருக்கிறவனுக்குத் தளபதியின் தொப்புள்தான் ஜன்னல். கழுத்தில் உப்பு ரொட்டி வளையங்களை மாலையாகக் கோத்திருப்பார்கள். அதில் ஒன்று கிடைத்தால் அந்த வருஷம் குழந்தைக்குக் காய்ச்சல் வராது என்று தாய்மார்கள் துரத்திக்கொண்டே வருவார்கள்.

காதுத் தளபதியிடம் வேண்டுதல் சொல்வதற்கு ஹைபூவில் ஒரு முறை உண்டு. காது எங்கோ உச்சியில் இருக்கிறது, யாருக்கும் எட்டாது. அதனால் ஊர்வலம் நிற்கிற இடத்தில், தளபதியின் வலது மரக்கையைப் பிடித்து உள்ளங்கையில் ரகசியம் சொல்லிவிட வேண்டும். அவர் சாவகாசமாகக் கையைத் தூக்கிக் காதில் வைத்துக் கேட்டுக்கொள்வார், அம்மனிடம் போய்ச் சொல்வார். இதில் ஊர் யோசித்துப் பார்க்காத விஷயம் ஒன்று இருந்தது. கைச்சட்டை உள்ளே வெறும் குழாய். உள்ளங்கையில் சொன்னது நேராகக் கூட்டுக்குள் வந்து விழும்.

வழக்கமாக ஊர்வலம் நின்றதும் சுமக்கிறவர்கள் தளபதியை முக்காலிமேல் நிறுத்திவிட்டு, வெளியே வந்து ஆளுக்கொரு பீர் குடிப்பார்கள். அதனால் நிற்கிற தளபதி காலித் தளபதி என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். அன்று மதியம் ஊர்வலம் நின்ற இடம் ஹைசோங்கின் கயிற்றுக்கடை வாசல். கடை வாசலில் நாற்காலி போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு பல் டாக்டர் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் அரை டிரவுசரும் நனைந்த பனியனுமாக வெளியே வரக் கிம்சுவானுக்கு மனமில்லை. உள்ளேயே குந்தி உட்கார்ந்து, தளபதியின் மாலையிலிருந்து அடித்த ஒரு ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான்.

யாரோ வலது கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"தளபதி, நான்தான். கயிற்றுக்கடைக்காரர் சம்சாரம். போன வருஷம் மூட்டுவலி சொன்னேனே, அதே ஆளு. மூட்டு இப்பப் பரவால்ல. இது வேற விஷயம்."

பெக்லானின் அம்மா சுன்ஹோங். கிம்சுவான் ரொட்டியை மெல்வதை நிறுத்தினான்.

"இந்த மனுஷன் பொண்ணைப் பல் டாக்டருக்குக் குடுக்கறேன்னு சொல்லிட்டு வந்து நிக்கறாரு. நல்ல சம்பாத்தியம்தான், நான் இல்லேங்கல. ஆனா சாப்பிட உக்காந்தா அவன் நம்ம வாயையேதான் பாக்கறான். நேத்து ஒரு கொட்டாவி விட்டேன், எந்திரிச்சுக் கிட்டக்க வந்துட்டான். இவளுக்கு வேற யாரோ மனசுல இருக்கான் தளபதி. யாருன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா. நீ நாலு ஊரு சங்கதி கேக்கற ஆளு. யாருன்னு மட்டும் சொல்லு. எவனா இருந்தாலும் சரி. அந்த எண்ணெப் பிசுக்குக் கிம்சுவானா மட்டும் இல்லாம இருந்தாப் போதும்."

கிம்சுவானுக்கு ரொட்டி தொண்டையில் நின்றது.

"என்ன, சொல்லுவியா?"

அவன் யோசித்திருந்தால் பேசியிருக்க மாட்டான். ஆனால் அவன் வாய்க்கு யோசனை தேவைப்பட்டதே இல்லை.

"கேட்டுச் சொல்றேன்" என்றான்.

மூங்கிலும் பட்டும் ரொட்டி அடைத்த தொண்டையும் சேர்ந்து அந்தக் குரலைப் பூதத்தின் குரலாக ஆக்கியிருக்க வேண்டும். மரக்கை தொப்பென்று விழுந்தது. சுன்ஹோங் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவள் போட்ட கூச்சலில் மேளம் அடிக்கிறவர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். நெரிசலில் கண் தளபதியின் ஆள் பான்டேக் ஓடி வந்து, அங்கியின் பின்பக்கத்தைத் தூக்கி நண்பனை வெளியே இழுத்துப் போட்டான்.

"உள்ள என்னடா பண்ணின?"

"ரொட்டி தின்னேன்."

"அந்தம்மா சாமி பேசிச்சுங்குது."

"நான் இல்லைன்னு சொல்லு."

"நான் எதுக்குடா சொல்றேன்? கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு சொல்லிட்டுப் போறேன்."

கமிட்டி அங்கேயே கூடியது. இப்படிப்பட்ட விஷயத்தை அம்மனிடம் கேட்காமல் முடிவு செய்ய முடியாது. அம்மன் பல்லக்கின் முன்னால் ஹைசோங் மண்டியிட்டு, குறி கேட்கிற பிறைக்கட்டைகள் இரண்டையும் தூக்கிப் போட்டார். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் அம்மன் ஆமாம் என்கிறாள். இரண்டும் குப்புற விழுந்தால் இல்லை. இரண்டும் மல்லாந்து விழுந்தால் அவள் சிரிக்கிறாள் என்று அர்த்தம். தளபதி பேசியது உண்மையா என்று ஹைசோங் கேட்டார். அம்மன் சிரித்தாள். மறுபடி கேட்டார். மறுபடியும் சிரித்தாள். மூன்றாம் தடவை கட்டைகள் உருண்டு போய்ப் பல் டாக்டரின் காலடியில் மல்லாந்து கிடந்தன.

"சிரிச்சா என்ன அர்த்தம் தலைவரே?" என்று யாரோ கேட்டார்கள்.

"சந்தோஷம்னு அர்த்தம்" என்றார் ஹைசோங். சொல்லிவிட்டு, தளபதியின் அங்கி ஓரத்தில் சிந்திக் கிடந்த ரொட்டித் துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, மாசப் பிறப்பன்று தளபதியைக் கோயில் மண்டபத்தில் நிறுத்துவதாகவும், தன் மனைவி ஊர் முன்னால் மறுபடி கேட்பாள் என்றும், தளபதி கேட்டுச் சொல்வதாகச் சொன்னதைச் சொல்லியாக வேண்டும் என்றும் அறிவித்தார். பல் டாக்டர் மட்டும் கைதட்டினான்.

சுன்ஹோங் மாசப் பிறப்பு வரை காத்திருக்கவில்லை. தளபதியின் கையைப் பிடித்த நேரத்திலிருந்து தனக்கும் காது திறந்துவிட்டது என்று மறுநாள் காலையிலேயே சொல்லிவிட்டாள். சோறு கொதிக்கிற சத்தத்துக்கு நடுவே தளபதி பேசுகிறார். கடலுக்குள் போன படகில் யார் யாரைத் திட்டுகிறான் என்பது கேட்கிறது. செத்துப்போன மாமியார் பின்கட்டில் இருமுவதுகூடக் கேட்கிறது. கயிற்றுக்கடையில் கயிறு வாங்க வந்தவர்களைவிடக் கேள்வி கேட்க வந்தவர்களின் கூட்டம் அதிகமாகிவிட்டது. ஐஸ் பாக்டரிக்காரரின் தங்கை, மலேசியாவுக்குப் போன புருஷன் எப்போது வருவான் என்று கேட்டாள். சுன்ஹோங் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, வெகுநேரம் கேட்டாள்.

"தளபதி என்ன சொல்றாரு சின்னம்மா?"

"கேட்டுச் சொல்றேங்கறாரு."

அந்தப் பெண் திருப்தியாகப் போனாள். மீன்வளத் துறை அலுவலகத்தில் போய்க் கேட்டாலும் இதே பதில்தான் வரும். அங்கே வரிசையில் வேறு நிற்க வேண்டும். இங்கே டீ கொடுத்தார்கள்.

பல் டாக்டர் சார்பில் நிச்சயப் பேச்சுக்கு வந்த கல்யாணத் தரகு அத்தையிடமும் சுன்ஹோங்கின் காது வேலை செய்தது. பலகாரம் எத்தனை பெட்டி என்று அந்த அம்மாள் ஆரம்பித்த உடனே சுன்ஹோங் கையைத் தூக்கினாள்.

"இருங்க. நறநறன்னு ஒரு சத்தம் கேக்குது."

"என்ன சத்தம்?"

"அம்மன் பல்லைக் கடிக்கிறா."

தரகு அத்தை டீயைக் குடிக்காமலே எழுந்து போனாள்.

கிம்சுவான் வேலைப்பட்டறையை விட்டு வெளியே தலைகாட்டவில்லை. ஆனால் பெக்லான் ஆளனுப்பிவிட்டாள். சலூனில் கவிழ்த்த சட்டி மாதிரித் தலையுலர்த்திகளுக்கு அடியில் நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இரைச்சலில் அவர்களுக்கு ஒன்றும் கேட்காது. பெக்லான் அவனை மூலையில் நிறுத்தி, அவனுடைய வலது பக்கமாக வந்து நின்றாள். கோபத்திலும் அவள் அதை மறந்ததில்லை.

"அம்மா வந்து சொன்னாங்க. சாமி 'கேட்டுச் சொல்றேன்'னு சொல்லிச்சாம். எந்தச் சாமி அப்படிப் பேசும்னு எனக்குத் தெரியாதா?"

"தவறி வந்துடுச்சு பெக்லான்."

"ரெண்டு வருஷமா உன் சொந்த வாயால பேசல. சரி, பயந்தாங்கொள்ளின்னு விட்டேன். இப்ப சாமி வாயே கிடைச்சுது. யாருன்னு எங்கம்மா கேக்கறாங்க. கிம்சுவான்னு ரெண்டு வார்த்தகூட இல்ல, ஒரே வார்த்த. அதுலயும் இதையேதான் சொல்லுவியா?"

"நானா இருக்கக் கூடாதுன்னு உங்கம்மா வேண்டிக்கிட்டாங்க."

"எங்கம்மா மழை பெய்யக் கூடாதுன்னும் வேண்டிக்குவாங்க. பெஞ்சா மொத ஆளா வாளி வச்சுத் தண்ணி பிடிப்பாங்க." கையிலிருந்த சீப்பால் அவன் மார்பில் ஒரு குத்துக் குத்தினாள். "மாசப் பொறப்பன்னிக்கு உள்ள போற. எங்கம்மா கேக்கும்போது உன் பேரச் சொல்ற. இல்லைன்னா நான் அந்தப் பல் டாக்டரைக் கட்டிக்கிட்டு, தெனம் ரெண்டு வேளை பல்லு வெளக்கிக்கிட்டுச் செத்துப் போறேன்."

"அம்மன் பேரச் சொல்லிப் பொய் சொன்னா நடுக்கடல்ல எஞ்சின் நின்னுடும்."

"எஞ்சின் நின்னா ரிப்பேர் பண்ற வேலைதானே உனக்கு?"

தலையுலர்த்திக்கு அடியிலிருந்து ஒரு கிழவி, "என்னம்மா அந்தப் பையன் அழுவறான்?" என்று கத்திக் கேட்டாள்.

மாசப் பிறப்புக்கு முந்தின நாள் மதியம், ஊரே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த நேரத்தில் கிம்சுவான் கோயில் மண்டபத்துக்குப் போனான். காதுத் தளபதியை ஏற்கெனவே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அம்மன் இருக்கிற திசையில் மூன்று தடவை விழுந்து எழுந்து, மன்னிப்பு என்று மட்டும் சொல்லி, எதற்கு என்று சொல்லாமல் அங்கிக்குள் புகுந்தான். பேரைச் சொல்லிப் பழகிப் பார்க்க வேண்டும். கட்டைக் குரலில், "கிம்சுவான்" என்றான். தவளை மாதிரி இருந்தது. மூக்கால் சொன்னான். பூனை மாதிரி இருந்தது. தன் பெயர் இத்தனை கேவலமானது என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

செருப்புச் சத்தம் கேட்டது. கிம்சுவான் தொப்புள் வழியாகப் பார்த்தான். ஹைசோங், தன்னந்தனியாக.

அவர் தளபதியின் இடது கையைப் பிடித்து ஏதோ ஆரம்பித்தார். கிம்சுவானுக்கு உதடு அசைவதுதான் தெரிந்தது. பாதியில் நிறுத்தி, "இந்தப் பக்கம் பேசிப் பிரயோஜனமில்ல" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு, சுற்றி வந்து வலது கையைப் பிடித்தார்.

"தளபதி, ஒரு அவமானத்தச் சொல்றேன், வெளிய விடாத. அன்னிக்கு நான் பல் செட்டுக்கு அளவெடுக்கப் போனேன். அந்தப் பய வாய் நெறைய மாவ அப்பி, அசையாதீங்கன்னுட்டான். அசைய முடியாத நேரம் பாத்துக் கேக்கறான், பெரியவரே, உங்க பொண்ண எனக்குக் குடுக்க சம்மதமான்னு. மாவு தொண்டைக்குள்ள போவுதுன்னு சொல்ல வந்தேன். 'ஆ' ன்னுதான் வந்தது. அவன் கையெடுத்துக் கும்பிட்டு, மாமான்னுட்டான். நர்ஸு கை தட்டிச்சு. மாவு காயற வரைக்கும் நான் மாமனாரா உக்காந்திருந்தேன். வாயில இருந்து எடுத்தப்புறம் இல்லைன்னு சொல்ல முடியுமா? நான் கமிட்டித் தலைவன். என் வாக்கு என்னாவும்?"

கிம்சுவான் உள்ளே உதட்டைக் கடித்துக்கொண்டான். சிரிப்பு வந்தால் மூங்கில் கூடு குலுங்கும்.

"அம்மன் வேண்டாங்கறான்னு சொன்னா நான் தப்பிச்சுக்குவேன். அத நான் பாத்துக்கறேன். இன்னொண்ணு இருக்கு. உன்னச் சுமக்கறான் பாரு ஒரு மடையன், கிம்சுவான்னு. ரெண்டு வருஷமா என் பொண்ணு சலூனுக்கு எதுத்தாப்புல நின்னு, ஓடற எஞ்சினையே பிரிச்சுப் பிரிச்சு மாட்டிக்கிட்டு இருக்கான். இந்தத் துறைமுகத்துல நண்டுக்குக்கூடத் தெரியும். வந்து கேட்டாத்தானே நான் குடுக்க முடியும்? பொண்ண நான் தட்டுல வச்சு அவன் பட்டறைக்கு எடுத்துட்டுப் போவணுமா? அவன் ஏன் வந்து கேக்க மாட்டேங்கறான் தளபதி?"

"பயம்" என்றது கிம்சுவானின் வாய்.

ஹைசோங் அதிரவில்லை, உட்காரவில்லை, கூச்சல் போடவில்லை. குனிந்து அங்கியின் ஓரத்தைத் தூக்கினார்.

"வெளிய வாடா."

கிம்சுவான் நாலு காலில் வெளியே வந்து, அப்படியே அவர் காலடியில் இருந்துவிட்டான்.

"மாமா, உங்களுக்கு எப்படி..."

"நீ தவள மாதிரி கத்தினது வாசல் வரைக்கும் கேட்டுச்சு. நீ பொறக்கறதுக்கு முன்னாலயே இந்தக் கூட்டுக்குள்ள குந்தினவன் நான். இந்தக் கைச்சட்டை வழியா ஊருல எவ எவன் மேல என்ன மனத்தாங்கல், யாருக்குப் புள்ள வேணும், யாருக்கு மாமியா சாவணும், அத்தனையும் கேட்டவன். எனக்கு முந்தி சுமந்தவனும் கேட்டான். கேப்போம், மூடிக்கிட்டு நடப்போம். அம்மன் முன்னாடி போய் நின்னா அவளுக்குத் தெரிஞ்சுடும். இந்தக் கோயில் கட்டின நாள்லேர்ந்து உள்ள உக்காந்து பதில் சொன்ன மொத முட்டாள் நீதான்."

"தவறி வந்துடுச்சு மாமா."

"அதுவும் என்ன பதில்? கேட்டுச் சொல்றேனாம். மூணு தடவ கட்டை போட்டேன், அம்மன் விழுந்து விழுந்து சிரிக்கிறா. எனக்கு அவ மொகத்தப் பாக்கவே வெக்கமா போச்சு."

"இப்ப நான் என்ன செய்யட்டும்? நாளைக்கு உள்ள போய்ப் பேரைச் சொல்லச் சொல்லி பெக்லான்..."

"நாளைக்கு நீ உள்ள போவல." ஹைசோங் அங்கியைத் தட்டிச் சரி செய்தார். "உள்ள யாரும் இருக்கப் போறதில்ல. எம்பொண்டாட்டி கேப்பா. தளபதி வாயத் தொறக்க மாட்டாரு, அவரு மரம். அப்ப ஊரு முன்னாடி யாராவது பதில் சொல்லித்தான் ஆவணும். சொல்லலைன்னா பலகாரத்தோட பல் டாக்டர் வாசல்ல நிப்பான். நான் 'ஆ'ன்னு வாயத் தொறக்கறதத் தவிர வேற வழியில்ல."

"மாமா, நீங்களே சம்மதம்னு இப்பச் சொல்லிட்டீங்களே. இதையே நாளைக்கு..."

"நான் எங்கடா சொன்னேன்? நான் தளபதிகிட்டப் பேசிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு ஹைசோங் போய்விட்டார்.

மறுநாள் மண்டபத்தில் ஊதுபத்திப் புகையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. அத்தனை கூட்டம். பல் டாக்டர் முன்வரிசையில், சிவப்புத் தாள் சுற்றிய பலகாரப் பெட்டிகளோடு நின்றான். தளபதி முக்காலிமேல் பிதுங்கிய கண்ணோடு நின்றார். பெக்லான் தளபதியின் தொப்புளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிம்சுவான் உள்ளே இருக்கிறான் என்று அவள் எண்ணம். கிம்சுவானோ தளபதிக்கு இரண்டு எட்டுத் தள்ளி, பான்டேக்கின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனைக் கூட்டத்தில் பார்த்ததும் பெக்லானின் முகம் வெளுத்துவிட்டது.

சுன்ஹோங் வலது கையைப் பிடித்தாள். இந்தத் தடவை ரகசியமாகச் சொல்லவில்லை. மீன் ஏலம் விடுகிற குரலில் சொன்னாள்.

"தளபதி, கேட்டுச் சொல்றேன்னீங்க. கேட்டீங்களா? எம்பொண்ணு மனசுல இருக்கறவன் யாரு?"

தளபதி ஒன்றும் சொல்லவில்லை.

எங்கோ ஒரு குழந்தை ரொட்டி கேட்டு அழுதது, அதன் வாயை யாரோ பொத்தினார்கள். சுன்ஹோங் இன்னொரு தரம் கேட்டாள். தளபதி மரமாக நின்றார். பல் டாக்டர் பெட்டியைக் கையில் எடுத்தான். அம்மன் சன்னதிப் பக்கம் ஹைசோங் பிறைக்கட்டைகளோடு நின்று, கூரையில் ஏதோ ஓட்டை இருக்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி போட்டிருக்கேன்டா" என்று பான்டேக் கிம்சுவானின் வலது காதில் சொன்னான். "எல்லாம் தெளிவாத் தெரியுது. அந்தப் பொண்ணு அழப் போவுது."

கிம்சுவானின் வாய் திறந்தது. அதில் பழக்கமான வார்த்தைகள் தயாராக வந்து நின்றன. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் அவற்றை விழுங்கினான்.

"நான்தான் அத்தை" என்றான்.

"யாருப்பா அது? சத்தமாச் சொல்லு, இங்க கேக்கல" என்றது பின்வரிசை.

"நான்தான். கிம்சுவான். தளபதி சொல்லல, நான் சொல்றேன். பெக்லானை எனக்குக் கேக்கறேன்." கூட்டம் திரும்பியது. இனி நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று அவனுக்குப் பட்டது. "அன்னிக்கும் உள்ள இருந்து பேசினது நான்தான். ரொட்டி தின்னுக்கிட்டிருந்தேன். அம்மன் என்னை மன்னிக்கணும். மன்னிக்கலைன்னாலும் கேக்கறேன்."

கூட்டத்தில் பாதிப் பேர் ஐயோ என்றார்கள். மீதிப் பேர் இது தங்களுக்கு எப்போதோ தெரியும் என்பதுபோல் நின்றார்கள். ஒரு வாரமாகத் தன் தளபதியின் காதை ஊருக்கு வாடகைக்கு விட்ட சுன்ஹோங் என்ன செய்வாள் என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மரக்கையை மெதுவாகக் கீழே விட்டாள்.

"தெரியும்" என்றாள். "நேத்து மத்தியானமே கேட்டுச்சு."

ஹைசோங் கூரையிலிருந்து பார்வையை இறக்கி, மனைவியைப் பார்த்தார். பிறகு பேசாமல் மண்டியிட்டுக் கட்டைகளைப் போட்டார். இரண்டும் மல்லாந்து விழுந்தன, அம்மன் சிரித்தாள். மறுபடி போட்டார், சிரித்தாள். மூன்றாம் தடவை ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தது. ஹைசோங் எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, பல் டாக்டரின் பக்கம் திரும்பினார்.

"நான் வாக்குக் குடுத்தேன், இல்லேங்கல. ஆனா அம்மன் வேற சொல்லிட்டா. அவ பேச்ச மீற நான் யாரு தம்பி?"

பல் டாக்டர் படித்தவன். மண்டபத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஹைசோங்குக்கு மேல் செட் மட்டும்தான் தயாராகி வந்திருந்தது. கீழ் செட் அவனிடம் இருந்தது. அது வரவே இல்லை. ஆளனுப்பிக் கேட்டபோது, வேலை முடிந்ததா என்று பார்த்துவிட்டுப் பிறகு சொல்கிறேன் என்று பதில் வந்தது. கல்யாண விருந்தில் ஹைசோங் மேல் பல்லால் சிரித்து, நூடுல்ஸும் மீன் உருண்டையும் மட்டும் சாப்பிட்டார். கணவாய் மீன் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வருஷம் மாட்சூவின் பிறந்தநாளுக்குக் காதுத் தளபதியைச் சுமந்தது கிம்சுவான்தான். வேறு யாரும் முன்வரவில்லை. நடந்ததெல்லாம் தெரிந்த பிறகும் மரக்கையில் ரகசியம் சொல்கிற கூட்டம் குறையவில்லை, கொஞ்சம் கூடியிருந்தது. கயிற்றுக்கடை வாசலில் ஊர்வலம் நின்றபோது அவன் வெளியே வரவில்லை. மாமியார் ரொட்டியை எண்ணிக்கொண்டிருப்பாள் என்பதால் அதில் கை வைக்காமல் சும்மா குந்தியிருந்தான்.

வலது கை இழுபட்டது.

"தளபதி, நான்தான். கயிற்றுக்கடைக்காரர் சம்சாரம். மூட்டு மறுபடி வலிக்குது, அத அம்மன்கிட்டச் சொல்லிடு. இன்னொண்ணு. பின்கட்டுல தண்ணி மோட்டார் நின்னு ரொம்ப நாளாச்சு. வீட்டுல ஒரு மாப்பிள்ளை இருக்கான், ஊரு எஞ்சினையெல்லாம் ரிப்பேர் பண்றான். எப்ப சரி பண்ணுவான்னு தெரியல."

கூட்டுக்குள் கிம்சுவான் நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரை கடித்துக்கொண்டான். ஒரு சத்தம் வரவில்லை.

சுன்ஹோங் கொஞ்ச நேரம் மரக்கையைத் தன் காதோடு வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைத் தட்டிக்கொடுத்துக் கீழே விட்டாள்.

"சரி, கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.